சைவத் தொட்டிக்கு வந்த விருந்தாளி

7 மே 2011, சனி

மீன்தொட்டி வந்துவிட்டது. அறுபது லிட்டர். சிட்னி டூங்கபியில் ஒரு ஹாலுக்குள் கடல் வைக்கப்போகும் முதல் திருநெல்வேலிக்காரன் நானாகத்தான் இருக்கும். காலையிலிருந்து நாலு தடவை துடைத்துவிட்டேன். உள்ளே இன்னும் ஒன்றுமே இல்லை.

மனைவி நாகலட்சுமியின் நிபந்தனை ஒன்றே ஒன்று: மீனுக்குச் சாப்பாடு என்று சொல்லி இறால், புழு எதுவும் வாசப்படி தாண்டக்கூடாது. "ஊர்லயே முட்டை தொடாத குடும்பம். சிட்னிக்கு வந்து ஃப்ரீசர்ல இறால அடுக்கணுமாக்கும்?"

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். எனக்கும் அதுதானே ஆசை. வெளிச்சத்தை மட்டுமே தின்று வாழும் பவளங்கள் இருக்கின்றன. பாசி மட்டும் தின்னும் மீன் இருக்கிறது. முழுச் சைவமான பவளத்தொட்டி. உலகத்திலேயே முதல் தடவை. (இருக்காது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.)

8 மே

வாளியில் உப்பைக் கரைத்து, அளந்து, மறுபடி கரைத்து, மறுபடி அளந்து. நாகு குசும்பாகப் பார்த்துக்கொண்டே போனாள். "பதினோரு வருஷத்துல ஒருநாள் ரசத்துக்கு உப்பு பாத்துச் சொன்னதில்ல. இப்ப கடலுக்குப் பாக்காரு."

21 மே

கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை போட்டு ஒரு வாரம். அதில் ஒட்டியிருந்த என்னென்னவோ செத்து, ஹாலெல்லாம் தூத்துக்குடி துறைமுக வாசம். ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாகு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுதான் சைவமா?" என்றாள். ஜன்னலைத் திறந்தேன்.

25 ஜூன்

மீன் வந்தாச்சு. பாசி தின்னி. பாறை மேல் உட்கார்ந்து, கண்ணை உருட்டி, போகிற வருகிற ஆளையெல்லாம் கணக்கெடுக்கிறது. கல்லாவில் உட்கார்ந்த மளிகைக்கடைக்காரரேதான். அண்ணாச்சி என்று பெயர் வைத்தாயிற்று. இன்று ஆபீஸுக்கு லீவு போடலாமா என்று யோசித்தேன், சனிக்கிழமை என்பது அப்புறம்தான் நினைவு வந்தது.

16 ஜூலை

பச்சையும் ஆரஞ்சுமாகப் பொத்தான் பவளங்கள். விளக்கைப் போட்டதும் விரிகின்றன. அவற்றின் உடம்புக்குள்ளேயே பாசி இருந்து வெளிச்சத்தில் சமைத்துப் போடுகிறதாம். அடுப்பு இல்லை, பாத்திரம் கழுவ வேண்டாம். நாகுவுக்கு இது பிடித்துவிட்டது. காபியோடு பத்து நிமிஷம் நின்றாள். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

13 ஆகஸ்ட்

இன்னொரு பாறை. இனி வாங்கமாட்டேன். அடியில் ஆரஞ்சு நிறத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஏதோ கட்டி. அழுகின பஞ்சு போல. இருந்துவிட்டுப் போகட்டும்.

3 செப்டம்பர்

சாப்பிட உட்கார்ந்தபோது தொட்டி விளக்கை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் நாகு, "ஏங்க, இங்க வாங்க" என்றாள். அந்தக் கட்டி திறந்திருக்கிறது! மஞ்சளாக, ஒவ்வொரு வாயும் ஒரு செவந்திப் பூ. பதினாலு பூ. சோறு ஆறிப்போனது. இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து பார்த்தோம்.

4 செப்டம்பர்

தொட்டிக் கடைக்காரர் கெவினிடம் போட்டோவைக் காட்டினேன். சூரியப் பவளமாம். பேர்தான் சூரியன். வெளிச்சத்தில் ஒரு பருக்கை கிடைக்காது அதற்கு. உள்ளே பாசி கிடையாது. இறைச்சிதான் சாப்பாடு. இறால் துண்டு, ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக. இல்லாவிட்டால் பட்டினி கிடந்து சாகும். இத்தனை நாளும் பட்டினிதான், பசியில்தான் திறந்திருக்கிறது.

காசு கொடுக்காமல், சொல்லாமல், பாறையில் ஒட்டிக்கொண்டு என் சைவத் தொட்டிக்குள் வந்திருக்கிறது ஒரு சுத்த அசைவம். சிரிப்பதா, என்ன செய்வது?

6 செப்டம்பர்

நாகுவிடம் விஷயத்தைச் சொல்லி இரண்டு நாள். இன்று தீர்ப்பு. "செத்துப்போகட்டும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா என் ஃப்ரிட்ஜ் கிடையாது, என் பாத்திரம் கிடையாது, அடுக்களை வழியா வரக்கூடாது. எனக்குத் தெரியவும் கூடாது."

பக்கத்து வீட்டு இந்திரகுமாரிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், பஸ் ஓட்டுகிறார். விஷயத்தைக் கேட்டுக் நாற்காலியை விட்டு எழும்பி எழும்பிச் சிரித்தார். "ஓம், கல்யாணம் அண்ணை, எங்கட ஃப்ரீசரில வையுங்கோ. றாலுக்கு றால் துணை." அவர் மனைவி வதனி ஒரு சின்னப் பொட்டலத்தைத் தனியாகக் கட்டி வைத்தாள். சாயங்காலம் வேலியோரம் போய், துண்டை ஒரு மூடி போட்ட டப்பாவில் வாங்கி, பின்வாசல் வழியே நேராகத் தொட்டி. அப்புறம் குளியல்.

முதல் துண்டை வாங்கிய வாய் மெதுவாக மூடிக்கொண்டது. இறாலுக்கு அழுகிறேனா, பவளத்துக்கா தெரியவில்லை.

9 செப்டம்பர்

நாகு அதற்கு வைத்திருக்கும் பேர்: விருந்தாளி. "உங்க விருந்தாளி சாப்பிட்டாச்சா?" எனக்குத் தெரியவும் கூடாது என்றவள் கேட்கிற கேள்வி.

15 அக்டோபர்

ஒரு ஓரத்தில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிகிறது. பழைய பட்டினியின் விளைவு என்கிறார் கெவின். ஒருநாள் விட்டு ஒருநாளாவது கொடுக்க வேண்டும், ஒரு வாரம் விட்டால் தேறாது. பயமாக இருக்கிறது. ஒரு கோலிக்குண்டுக்கு இவ்வளவு பயமா?

24 அக்டோபர், திங்கள்

இறால் வாங்கப் போனேன். வதனி பெரிய பானையை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கந்தசஷ்டி விரதம் தொடங்குகிறது, அதற்குள் ஃப்ரீசரில் இருக்கிற மச்சமெல்லாம் (அசைவத்துக்கு அவர்கள் பேச்சு) முடிக்க வேண்டுமாம், இன்றைக்குக் கடல் சாமானெல்லாம் போட்டுக் காய்ச்சும் கூழ். நல்லது என்று தலையாட்டிவிட்டு என் துண்டோடு வந்தேன். வேலி தாண்டி வாசம் வந்தது.

புதன் தீபாவளி, அன்று இறால் தொடமாட்டேன். வியாழன் விடியற்காலை மெல்போர்ன். புது மென்பொருள் ஏற்றுகிறார்கள், திங்கள்வரை அங்கேதான். வியாழன் சாயங்காலம் இந்திரகுமார் வந்து ஊட்டுவார். எல்லாம் ஏற்பாடு. நான் கெட்டிக்காரன்.

27 அக்டோபர், மெல்போர்ன்

நான் மடையன்.

இந்திரகுமார் போன் பண்ணினார். "அண்ணை, ஒரு பிழை நடந்து போச்சு. உங்கட பொட்டலத்தையும் வதனி கூழுக்குள்ள போட்டிட்டாள். நானும் ரெண்டு கோப்பை குடிச்சனான்." புதிதாக வாங்கித் தரலாம்தான், ஆனால் சூரசம்ஹாரம்வரை அவர்கள் இரண்டு பேரும் மச்சம் தொடமாட்டார்கள். அடுக்களையெல்லாம் கழுவியாயிற்று. கோபிக்க முடியுமா? மச்சம் தொடாத மனிதர்களைப் பற்றி நான் குறை சொல்வதா?

நாகுவிடம் கேட்கக்கூடாது. அவளும் சஷ்டி விரதம், பாலும் பழமும்தான். பதினோரு வருஷத்தில் நான் கொடுத்த ஒரே சத்தியம், அதில் பாதியை ஏற்கெனவே விழுங்கியாயிற்று. கேட்கமாட்டேன். திங்கள் இரவுக்குள் எத்தனை வாய் மிஞ்சுமோ.

28 அக்டோபர், மெல்போர்ன்

நாகு போன். முதல் வார்த்தையே: "ஏங்க, இறாலுக்குத் தோல உரிக்கணுமா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வதனி அழுதுகொண்டே வந்து எல்லாம் சொல்லியிருக்கிறாள். விளக்கு அணைந்ததும் பதினாலு வாயும் திறந்துகொண்டு நின்றிருக்கின்றன. "நேத்து ராத்திரி பூரா அப்படியே நிக்குது. நான் எப்படிங்க பாலக் குடிக்க?" காலையில் ரயிலேறிப் போய் மீன்கடைக்குள் நுழைந்திருக்கிறாள். பிறந்ததிலிருந்து முதல் தடவை. ஒரே ஒரு இறால் கேட்டிருக்கிறாள். கடைக்காரர் ஒரு கிலோவா என்றாராம். இல்லை, ஒன்று. எதற்கு என்றாராம். "வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காங்கன்னு சொன்னேன்." அவர் காசு வாங்கவில்லை. பாவம், எங்கள் விருந்தோம்பலைப் பற்றி என்ன நினைத்தாரோ.

கையுறை மேல் கையுறை போட்டு, என் ட்வீசரில் ஒவ்வொரு வாயாக ஊட்டி, தலைக்குக் குளித்து, அப்புறம் முருகனுக்கு விளக்கு. விரதத்தின்போது இப்படியா என்று நானே கேட்டுவிட்டேன், சும்மா இருக்காமல்.

"விரதம் நான் இருக்கேன். அதையும் இருக்கச்சொல்லி முருகன் சொன்னாரா?"

பக்கத்து வீடு சைவமான வாரத்தில் எங்கள் வீடு அசைவமானது. ஹோட்டல் அறையில் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். கொஞ்சம் அழுகையும்தான். எனக்கு அவளை இன்னும் சரியாகத் தெரியாது.

31 அக்டோபர்

வீடு. பதினாலு வாயும் இருக்கிறது. எனக்கு முன்னால் நாகு எண்ணிவிட்டாள்.

14 ஜனவரி 2012

கராஜில் இறாலுக்கென்று ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். பழையது. நான் வாங்கவில்லை, அவள் வாங்கினாள். "நீங்க வேலியோரம் டப்பாவோட நிக்கத நாலு பேரு பாக்காங்க."

19 ஆகஸ்ட்

பாறையில் மூன்று மஞ்சள் புள்ளிகள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். குட்டிகள்! குட்டிகள்! குட்டிகள்! அண்ணாச்சி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

12 நவம்பர் 2012, திங்கள்

சாயங்காலம் மணி அடித்தது. வதனி, கையில் பெரிய குளிர்ப்பை. புதன்கிழமை சஷ்டி தொடங்குகிறது.

"நாகு அக்கா, இந்த முறை கூழ் காய்ச்ச நேரமில்லை. எறியவும் மனம் வருகுதில்லை. சூரன்போர் முடியுமட்டும் எங்கட மச்சத்தை உங்கட வீட்டில வைக்கலாமோ?"

நாகு பையைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாக வெளியே எடுத்துப் பார்த்தாள். றால். மீன். நண்டு. கடைசியாக ஒன்றை எடுத்து வதனி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"மட்டன் கிடையாது. கடல்ல இருந்து வர்றவங்களுக்கு மட்டுந்தான் இங்க இடம்."

பையைத் தூக்கிக்கொண்டு நான் கராஜுக்குப் போனேன். இடம் போதவில்லை. விருந்தாளியின் பொட்டலத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.