துணைக்கு ஒருவர்

ஜூன் 12, 2024
தேர்வாகிவிட்டேனாம்! டிவியில் வருகிற அந்த ஹிந்தி க்விஸ் நிகழ்ச்சியில் நானும் ஒரு போட்டியாளர். ஆபீசில் இருக்கும்போது போன் வந்தது. வைத்ததும் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. மும்பை நெரிசலில் மாட்டுங்காவுக்கு வந்து, அறைக்கதவைச் சாத்திவிட்டு, புடவைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 14
பார்வையாளர் வரிசையில் உட்கார, துணைக்கு ஒருவரை அழைத்து வர வேண்டுமாம். செம்பூரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் செய்தேன். "எனக்கு லீவு கிடைக்காதுடி ருக்கு. பதில் தெரியலேன்னா போன்ல கேக்கற ஆள்னு என் பேரைக் குடு, போறும்" என்றான்.
வேறு யார்? யோசித்தால் ஆபீஸ் முகங்கள்தான் வருகின்றன. ஒருத்தரிடமும் கேட்கிற உரிமை இல்லை.

ஜூன் 17
க்விஸுக்கு ஆள் எடுத்த அன்று வரிசையில் என் பின்னால் நின்ற ஷரீஃபுன்னிசாவை அழைத்தேன். தாராவியில் பை தைக்கும் பட்டறை நடத்துகிறவள். அன்று தமிழ்ப் பேச்சு கேட்டு ஒட்டிக்கொண்டோம். அவளுக்குக் கிடைக்கவில்லை. அவளைப் போய்க் கூப்பிடுவதா என்று வெட்கமாக இருந்தது.
போனில் தையல் மிஷின் சத்தம் நின்றது. பிறகு, "எனக்குக் கிடைக்கலன்னு வயித்தெரிச்சல் இருக்குக்கா. இருந்தாலும் வாறேன். தனியா எப்படிப் போவீய?"

ஜூலை 3
ஷூட்டிங். போட்டியாளர் நாற்காலி வரை போய்விட்டேன். "கூட வந்திருப்பது யார்?" என்று நடத்துகிறவர் கேட்டார். தோழி என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லி எத்தனை வருஷம்!
பிறகு அந்தக் கேள்வி. இந்தியாவின் தென்கோடி முனை எது? நிக்கோபாரில் இருக்கும் இந்திரா முனை. தெரியும். ஆனாலும் அண்ணாவை ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்து பழக்கமில்லையே. போன் போட்டார்கள்.
"கன்னியாகுமரிடி. இதுகூடத் தெரியாதா?"
கன்னியாகுமரி என்றேன். அவ்வளவுதான், வெளியே.
பஸ்ஸில் ஷரீஃபுன்னிசா கேட்டாள்: "உங்களுக்குத் தெரியும்லாக்கா? 'இந்திரா'ன்னு உங்க வாய் முணுமுணுத்துச்சே. பின்ன ஏங்க்கா?"
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 4
ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 21
ஒளிபரப்பாகிவிட்டது. ஷரீஃபுன்னிசா சொந்தக்காரர் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருக்கிறாள். தனியாகத்தான் பார்த்தேன். திரையில் அந்தப் பொம்மனாட்டி எவ்வளவு பயந்து கிடக்கிறாள்!
முடிந்ததும் அண்ணாவின் போன். "ஊரே சிரிக்கறது. நான் சொன்னா அப்படியே ஒப்பிச்சுடறதா? உனக்குன்னு மூளை கிடையாதா?"
சொன்னவன் இவன்தானே! இவனுக்கு எப்படி இப்படிப் பேச வாய் வர்றது?
"இருக்குண்ணா" என்று வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பிடவில்லை.

செப்டம்பர் 22
அண்ணாவும் மன்னியும் காசிக்குப் போகிறார்கள். "ஒரு வாரம் இங்க வந்து வீட்டைப் பாத்துக்கோ" என்றான். வழக்கம்போலக் கேட்கவில்லை, சொன்னான்.
"முடியாதுண்ணா. எனக்கு இங்க ஆள் வரா."
"உன்னைப் பாக்க யாரு வரப்போறா?"
போனை வைத்தேன். ஷரீஃபுன்னிசா ஊரிலிருந்து திரும்பிவிட்டாள்.
பரணிலிருந்து இன்னொரு பித்தளை டபரா டம்ளரை இறக்கி, புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.