பஞ்சாரத்துக்குள் பல்பு

அம்மாவுக்குப் பாண்டீஸ்வரன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் தடவ மறக்காதீர்கள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தச் சென்னைக்காரர்களின் கூத்தைக் கேளுங்கள். பந்தல்குடியில் நாம் கோழியைக் கவிழ்த்து வைக்கும் மூங்கில் பஞ்சாரத்தை இங்கே வீட்டு உச்சியில் தொங்கவிட்டு, உள்ளே பல்பு எரியவிடுகிறார்கள். எங்கள் கடையில் நான் முடைந்த ஒன்றைப் பார்க்க வந்த பணக்கார அம்மாளிடம், "இது குலதெய்வப் பூசைக்கு முடையிறது" என்று எங்கள் முதலாளி வாய் கூசாமல் அளந்தார். அந்த அம்மாளும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "கோழி அடைக்கிறதும்மா. மேல இருக்க ஓட்டைல கைய விட்டுத்தான் கோழியப் பிடிப்போம்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் விருட்டென்று போய்விட்டது. முதலாளி என்னைக் கடைப்பக்கமே வராதே என்று குடோனுக்குத் துரத்திவிட்டார். பதறாதீர்கள், வேலை போகவில்லை. அந்த மூஞ்சிகளைப் பார்க்காமல் தனியாக முடைகிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள். வெள்ளைக்கோழி அடைகாக்கிறதா?

நேற்றுப் பொழுது சாயும்போது, குடோனில் காலியாகக் கிடந்த பஞ்சாரங்களைப் பார்த்து, என்னையறியாமல் நம் கோழிகளை "பா... பா..." என்று கூப்பிட்டுவிட்டேன். நல்லவேளை, முதலாளி காதில் விழவில்லை.

குடோனைப் பூட்ட ஆள் வந்துவிட்டான்.

பாண்டி