நட்டு யாருடையது?

ஜூன் 18, 1945. தார்வீசியோ, இத்தாலி

சண்டை முடிந்துவிட்டது. என்னைக் கொல்ல ஜெர்மன்காரனால் முடியவில்லை; இப்போது நான் ஓட்டும் லாரி முயன்றுகொண்டிருக்கிறது. நாற்பத்து நான்கு வயது, முன்வழுக்கை, பிரிட்டிஷ் ராணுவத்தின் யூதப் படையிலேயே மூத்த பிரம்மச்சாரி. பையன்கள் "ஸெலிக் அண்ணே" என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் என்னவோ.

ஜூன் 20

வதைமுகாம்களில் பிழைத்தவர்கள் எல்லை தாண்டி எங்களிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். சட்டைக்கையில் தைத்திருக்கும் எங்கள் யூத நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்து அழுகிறார்கள். இன்று ஒருத்தி அழவில்லை. "கோணலா தைச்சிருக்கு" என்றாள். போலந்தின் லூட்ஸ் ஊர்த் தையல்காரி, பெயர் ஹிண்டா. பாலஸ்தீனத்து ஹைஃபாவில் ஒரு அண்ணன். வேறு யாரும் மிச்சமில்லை. அங்கே போக அனுமதி கிடைப்பதில்லை. எங்களைப் போன்ற சிப்பாய்களின் மனைவிகளுக்கு மட்டும் கப்பலில் இடம் உண்டாம்.

எனக்கென்ன வந்தது?

ஜூன் 25

ஐயோ.

நேற்று மாலை ஒயின் குடித்தோம், ஹிண்டாவும் இருந்தாள். எங்கள் படைப் பையன் யெஹியேல் ஆரம்பித்து வைத்தான்: "பொண்ணு கேக்கத்தான் பயம், விளையாட்டுக்கு ஒரு மோதிரம் போடக்கூடவா அண்ணே?" நாலு துப்பாக்கி முனையில் கம்பளியைக் கட்டிக் கல்யாணப் பந்தல் போட்டார்கள். நான் சட்டைப்பையிலிருந்து ஒரு லாரி நட்டை எடுத்து, "மோசேயின் சட்டப்படி இந்த மோதிரத்தால் நீ எனக்கு உரியவள்" என்று முழு வாசகத்தையும் சொல்லித் தொலைத்தேன். ஹிண்டா சிரித்துக்கொண்டே விரலை நீட்டினாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதில்தான் எனக்குப் புத்தி போயிற்று. எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளை மிதித்து உடைக்க வேண்டிய கண்ணாடிக் குவளை கிடைக்காமல் தகரக் குவளைமேல் குதித்தேன். அது உடையவில்லை, என் கணுக்கால் வீங்கிவிட்டது.

இன்று காலையில் படையின் மதகுரு, ரபி, கூப்பிட்டார்.

"சாட்சி ரெண்டு பேர். அவ சம்மதிச்சு விரலை நீட்டினா. கல்யாணம் ஆயிடுச்சுப்பா."

"விளையாட்டுக்குத்தானே ரபி..."

"இதுல விளையாட்டுன்னு ஒண்ணு கிடையாது. மோதிரம் மாப்பிள்ளையோட சொந்தப் பொருளா இல்லேன்னா மட்டும் செல்லாது. அது யாரோட நட்டு?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுக்கு யோசனை வேறயா?"

ஜூன் 26

படை முழுக்க இதே பேச்சு. "ராணுவ நட்டுன்னா இங்கிலாந்து ராஜாவோடது. தப்பிச்சீங்க அண்ணே" என்கிறான் யெஹியேல். நான் தப்பித்தால் அவள் இங்கேயே கிடக்க வேண்டும்.

உண்மை இதுதான்: லாரிச் சக்கரத்தில் ஒரு நட்டு தொலைந்தபோது, சார்ஜென்ட் பின்கஸுக்குத் தெரியாமல், என் பங்கு சிகரெட்டைக் கொடுத்துக் காயலான் கடையில் இரண்டு வாங்கினேன். ஒன்று லாரியில், மற்றது அவள் விரலில்.

ஹிண்டாவிடம் போய் இதைச் சொன்னேன். அவள் தைப்பதை நிறுத்தவில்லை.

"பரிதாபத்துக்கு வர்ற புருஷன் எனக்கு வேணாம். ராஜாவோடதுன்னே சொல்லிடுங்க."

"பரிதாபம் இல்ல."

"பின்ன?"

நூல் நல்ல கெட்டி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மடையா, மடையா.

ஜூன் 27

"என் நட்டு. என் சிகரெட்" என்றேன் ரபியிடம். பின்னால் பின்கஸ் நிற்பதைக் கவனிக்கவில்லை.

"அப்ப ராஜாவோட நட்டு எங்கேய்யா?" என்றார்.

ராணுவ நட்டைத் தொலைத்ததற்குச் சமையற்கட்டில் உருளைக்கிழங்கு உரிக்கும் தண்டனை. ரபி கல்யாணச் சான்றிதழை எழுதினார். "அவ விவாகரத்து கேட்டா மறுக்கக்கூடாது" என்றார். மறுக்கமாட்டேன் என்றேன். கேட்டுவிடுவாளோ?

ஜூன் 28

ஹிண்டா வரவில்லை.

ஜூன் 29, வெள்ளி

சனிக்கிழமை ஓய்வுநாள் சமையலுக்கு மலையாய்க் கிழங்கு. ஹிண்டா வந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் உரித்த தோல் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பாதிக் கிழங்கு தோலோட போகுது. ஹைஃபாலயும் இப்படித்தான் குடித்தனம் பண்றதா உத்தேசமா?"

கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, "தள்ளி உக்காருங்க" என்றாள்.

தள்ளி உட்காரவில்லை.