நீங்கள் உயர்த்திய ஹேண்டில்பார்

இன்று காலை காவலூர் மெக்கானிக் கடையில் சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுத்துக்கொண்டு நூறடி கூட வந்திருக்க மாட்டேன், நிறுத்திவிட்டேன். ஏதோ சரியில்லை. டேங்கைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன், பெட்ரோல் குறையவில்லை. மாற்றிவிட்டால் தெரியட்டும் என்று பேட்டரியில் நான் வைத்திருந்த நெயில் பாலிஷ் பொட்டும் அப்படியே இருந்தது. பிறகுதான் என் கைகளைக் கவனித்தேன். ஹேண்டில்பார் இரண்டு விரல் இறங்கியிருந்தது. அதன் அடியில் நீங்கள் வைத்த அலுமினியக் கட்டைகள் இரண்டையும் காணோம்.

மெக்கானிக் கழற்றி வேறு யாருக்கோ மாட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி உங்களுக்குத் தெரியாததா? "போலீசு வேலைக்குப் போவ வேண்டியவ, வழி தப்பி ஊசி போட வந்துட்ட" என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! வண்டியைத் திருப்புவதற்கு முன் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கட்டைகள் வந்த நாள் நினைவுக்கு வந்துவிட்டது.

அன்றைக்கும் சந்தேகத்தில்தான் தொடங்கியது. நெல்லிவாசல் பக்கத்து ஊர்களுக்கு நான் தடுப்பூசிப் பெட்டியோடு போக வேண்டும். பஸ்ஸை நம்பினால் பிள்ளைகளுக்கு மீசை முளைத்த பிறகுதான் ஊசி போட முடியும் என்று சொல்லி, சாமைக் கொல்லை வேலையை ஒதுக்கிவிட்டு நீங்கள்தான் ஏற்றிப் போவீர்கள். ஒரு திங்கட்கிழமை பார்த்தால் வண்டி மாறியிருந்தது. எப்போதும் குனிந்து ஓட்டுகிறவர், ஊர்வலத்தில் வரும் மாப்பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தீர்கள்.

"இன்னாங்க இது, ஹேண்டில்பார் எகிறி நிக்குது?"

"முதுகு வலிக்குது மே. அதான் தூக்கி வச்சேன்."

நான் நம்பவில்லை. புளி மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிற முதுகு அது. நாற்பத்தெட்டு வயதில் யாருக்காக இந்த ஷோக்கு? அன்று உங்கள் சட்டைப் பையைத் துழாவினேன். போனில் யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒரு பீடிக் கட்டைத் தவிர ஒன்றும் சிக்கவில்லை. ஒன்றும் சிக்காததே என் சந்தேகத்தைக் கூட்டியது.

மூன்றாம் நாள் கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுக்க ஒடித்தீர்கள். ஆக்சிலேட்டரைத் திருகாமலே வண்டி உறுமிக்கொண்டு பாய்ந்தது. தடுப்புச் சுவரை உரசித்தான் நின்றோம். நான் ஊசிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினேன். மெதுவாக வண்டியை இதே மெக்கானிக்கிடம் கொண்டு போனோம்.

அவர் ஒரு தடவை ஒடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஹேண்டில்பார ஒசத்துனா ஆக்சிலேட்டர் ஒயரையும் நீளமா மாத்தணும். பழைய ஒயரே இருந்தா, வளைக்கறப்ப இழுத்துக்கும். வண்டி தானா ரேஸ் ஆவும். யாரு இந்த வேல பாத்தது?"

நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். வீட்டுக்குப் பின்னால் நீங்களே ஸ்பேனர் பிடித்த கதை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் டீ வாங்கப் போன நேரத்தில் நான் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையச் சொல்லுப்பா, எதுக்குத் தூக்குனாரு?"

"கை மரத்துப் போவுதாம்கா. குனிஞ்சி ஓட்னா பாரமெல்லாம் கையில எறங்குது, நிமிந்து உக்காந்தா தேவலயான்னு போன வாரம் வந்து கேட்டாரு. உங்களாண்ட சொல்ல வாணாம்னாரு."

நான் ஒரு நர்ஸ். மரத்துப்போன விரல்களால் பிரேக் பிடித்து என்னை மலையெல்லாம் சுற்றிக் காட்டியிருக்கிறீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை! டீயோடு வந்த உங்களைக் கடை வாசலிலேயே வைத்துக் கத்தினேன்.

"சொன்னா நீ வண்டில ஏற மாட்ட. பொட்டியத் தூக்கிகினு நடந்தே போவ" என்றீர்கள்.

அது உண்மைதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது.

ஒயரை மாற்றினோம். கை மரத்துப்போவது கழுத்து நரம்பால் என்று டாக்டர் சொன்னார். நான் வண்டி பழகினேன். அதன்பிறகு நான் முன்னால், பெட்டியோடு நீங்கள் பின்னால். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொல்லை வரைக்கும் நீங்கள் ஓட்டுவீர்கள். ஹேண்டில்பார் உங்கள் உயரத்திலேயே இருந்தது. எனக்கு அதைப் பிடிப்பது பரணிலிருந்து பானை எடுப்பது போலத்தான். வீடு வந்து சேர்வதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

"எறக்கிடலாமா மே?" என்று ஒருநாள் கேட்டீர்கள்.

இறக்கினால், இனி நீங்கள் ஓட்டப் போவதில்லை என்று ஆகிவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. "எனக்கு இதான் வசதியா கீது" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நம்பிவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கொல்லையிலேயே சாய்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. இந்த ஒரு வருடமும் கைகளைத் தூக்கிக்கொண்டேதான் ஓட்டினேன்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்க் கடை வாசலில் நிறுத்தினேன். "கட்டைங்க எங்கப்பா? யாரக் கேட்டு எறக்குன?"

மெக்கானிக் திடுக்கிடவில்லை. நான் வருவேன் என்று காத்திருந்தவர் மாதிரி, காகிதத்தில் சுற்றி வைத்திருந்த கட்டைகளை எடுத்து நீட்டினார்.

"அண்ணன் சொல்லி வச்சதுக்கா. 'நான் ஓட்டாம போய்ட்டா, ஹேண்டில்பார அவளுக்கு ஏத்த மாதிரி எறக்கிக் குடு. அவளக் கேக்காத. கேட்டா வசதியா கீதுன்னு பொய் சொல்லுவா. பின்னால உக்காந்துகினு அவ தோளு படற பாட்டப் பாத்துகினுதான கீறேன்'னாரு. வருசம் திரும்பட்டும்னு இருந்தேன்."

நம் வீட்டில் சந்தேகப்படத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். அவர் ஸ்பேனரைத் துடைப்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெல்லிவாசல் வரைக்கும் ஓட்டினேன். தோள் வலிக்கவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கட்டைகள் இரண்டும் என் கைப்பையில் இருக்கின்றன. இனி அவை அங்கேதான் இருக்கும்.

திரும்பும் வழியில் டீக்கடைக்காரர், நான் கேட்காமலே சர்க்கரை குறைத்துக் கொடுத்தார். பக்கத்துக் கொல்லைக்காரர், நம் புளிய மரத்தையும் சேர்த்தே உலுக்கிவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்தேன். இன்னும் யார் யாரிடம் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறீர்கள்? ஒவ்வொருவராகப் பிடித்து விசாரிக்கத்தான் போகிறேன். ஒருவரையும் விடுவதாக இல்லை.