அம்பர்நாத்துக்கு முந்திப் போன பேப்பர்

பரணில் கிடந்த தகரப் பெட்டியை நேற்று இறக்கினோம். பட்டுப்புடவைகளை எடுத்து வெயிலில் உலர்த்திவிட்டுப் பார்த்தால், அடியில் உன் பேப்பர் விரித்துக் கிடக்கிறது. அந்துருண்டை வாசனையோடு, பழுப்பேறி, அறுபதுகளின் ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை. "ஒங்க சேக்காளி பேப்பரு" என்று என் மனைவி சிரித்தாள். செம்பூர் வீட்டுப் பால்கனியில் நாற்காலியைப் போட்டு வாசிக்க உட்கார்ந்தேன். எழுத்தெல்லாம் உன் குரலில்தான் கேட்டது.

"தமிழகமெங்கும் பலத்த மழை பெய்யக்கூடும்." இதுதான் முதல் தலைப்பு. வெள்ளிக்கிழமை மெட்ராஸில் ரயிலேறி, ஞாயிற்றுக்கிழமை கிங்ஸ் சர்க்கிள் பேப்பர் கடையில் கட்டுப் பிரித்த மழை அது. பம்பாயில் மண்டை பிளக்கும் வெயில். நீயோ குடையும் கையுமாக நின்றாய். நாம் குடியிருந்த லேபர் கேம்ப் குழாயடிப் பெண்கள் மொத்தமாகச் சிரித்தார்கள்; உனக்கு உறைக்கவேயில்லை. "பேப்பர் வராம எதுவும் நடக்காதுலே. நம்ம கைக்கு வந்த அன்னைக்குத்தான் நடக்கும்" என்பது நீ போட்ட சட்டம். தேதியைச் சுட்டிக்காட்டினால், "அது அச்சடிச்சவன் கணக்கு" என்பாய்.

என் ராசிக்கு அன்று "பயணம் அனுகூலம்" என்று போட்டிருந்தது. அது வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிவிட்டதே என்றேன். "நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயக் கழுவுலே" என்றாய்.

நல்ல காரியம்தான். அம்பர்நாத்தில் ஒரு ஆலைத் தொழிலாளியின் மகளை எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அவளை ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவள் அப்பா, வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் காபி கொடுத்து, "ஊருக்கு எழுதிக் கேட்டுச் சொல்லுதேன்" என்று அனுப்பிவிடுவார். அப்புறம் பேச்சுமூச்சு இருக்காது. எனக்காகப் பேச அப்பா, அம்மா கிடையாது. ஒரே அறையில் பாய் போட்டுப் படுக்கிற நீதான் என் மொத்தச் சொந்தமும்.

லோக்கல் ரயிலில் வழி நெடுக உரக்க வாசித்தாய். "சந்திரனில் மனிதன் குடியேறுவான்: விஞ்ஞானி நம்பிக்கை." அதற்கு நீ, "அங்கயாவது குழாயில தண்ணி ஒழுங்கா வருமாலே?" பக்கத்தில் இருந்த மராட்டிக்காரர், என்னவோ பெரிய சேதி என்று நினைத்து, "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சோ என்று பதறினார். நீ சந்திரனைப் பற்றி உன் இந்தியில் விளக்கியதில் அவர் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிட்டார்.

பெண் வீட்டில் என்னை யாரும் பார்க்கவில்லை. அவள் அப்பாவின் கண் உன் கக்கத்தில் இருந்த பேப்பரிலேயே நின்றது.

"தம்பி, அது வெள்ளிக்கிழமையதா?"

"ஆமா அண்ணாச்சி."

"எனக்கு நாளைக்குல்லா வரும்!"

அவருடைய ஆறாத மனக்குறை அப்போதுதான் தெரிந்தது. மெட்ராஸ் மெயில் அம்பர்நாத் வழியாகத்தான் ஓடும், நிற்காது. பேப்பர் அவர் வீட்டைக் கடந்து பம்பாய்க்குப் போய், கடையில் கட்டுப் பிரித்து, மறுநாள் திரும்பி அவரிடம் வரும். "எம் மூக்குக்கு முன்னாலயே கொண்டுட்டுப் போறான் தம்பி" என்றார். நீ பேப்பரை நீட்டினாய். அவர் வாங்கி, காபித் தட்டோடு வந்த மகளிடம் கொடுத்தார். எழுத்து அவர் கண்ணுக்கு மங்கல். தினமும் வாசித்துச் சொல்வது அவள் வேலை.

இப்படித்தான், தலைகுனிந்து ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போக வேண்டியவள் நடுக்கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கோர்ட்டுக்குள் குரங்கு புகுந்தது: வழக்கு ஒத்திவைப்பு" என்பதை நீதிபதி மாதிரி வாசித்தாள். "தியேட்டரில் பாம்பு: படம் முடியும்வரை யாரும் எழவில்லை" என்றபோது அவளுக்கே தாங்காமல் பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். எனக்கு இவள்தான், இவள் இல்லையென்றால் யாரும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. உனக்கும் அது தெரிந்தது. என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாய்.

முதல் பக்கம் முடிந்ததும் அவர் தொண்டையைச் செருமினார். "சரி தம்பி, ஊருக்கு எழுதிக் கேட்டு..."

நீ சட்டென்று எழுந்து கையை நீட்டினாய். "அப்ப பேப்பரக் குடுங்கண்ணாச்சி. நாங்க கெளம்புதோம்."

"உள் பக்கம் வாசிக்கலியே!"

"அதான் நாளைக்கு ஒங்களுக்கு வருமே."

நீட்டிய கையை நீ மடக்கவில்லை. அவளோ பேப்பரை நிதானமாக மடித்து, மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டாள். கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை. அவள் அப்பா அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை, அன்று முதல் தடவையாக, நிமிர்ந்து பார்த்தார்.

"ஊருக்கு என்னத்த எழுத. பிள்ளைக்குப் பிடிச்சாச் சரிதான்" என்றார். நீ உடனே உட்கார்ந்து, "உள் பக்கத்த வாசி தாயீ" என்றாய்.

அந்தப் பேப்பரைப் பெட்டியடியில் விரித்துத்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். இன்று, உலர்ந்த புடவைகளை மடித்துக் கொடுத்துக்கொண்டே மறுபடி குரங்கு வழக்கைப் படித்தாள். பல் போனாலும் அதே நீதிபதிக் குரல்.

போன மாதம் உன் மகன் போன் செய்தான். "பேப்பர்லயும் அப்பா படத்தோட காரியத் தேதிய போட்ருக்கோம் மாமா, பாருங்க" என்றான். பேப்பர் வந்தது. நான் பிரிக்கவில்லை. போட்ட மடிப்பு கலையாமல் அலமாரியில் இருந்தது. உன்னை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான் வருகிறது. அதைப் பிரித்தால் வராது.

இன்று உன் வெள்ளிக்கிழமையைப் பெட்டியில் திரும்ப விரித்தோம். அதற்கும் அடியில் அந்த மடித்த பேப்பரை வைத்தேன். அவள் பார்த்தாள். மேலே புடவைகளை அடுக்கி மூடினாள்.

நீ போட்ட சட்டம்தானேலே. எனக்கு இன்னும் பேப்பர் வரவில்லை.