அட்டையில் விட்டுப்போன டிரம்பெட்

அன்புள்ள ஊதாங்குழலுக்கு,

சமாதானம் உண்டாவதாக என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அதைக் கெடுத்தவனே நான்தானே. நலமாக இருக்கிறாயா? எனக்கு முழங்கால் வலி. மேடையில் குதிக்கக் கூடாதென்று மருத்துவர் கண்டித்திருக்கிறார். மற்றபடி சுகம்.

நம் சபையின் ஆண்டு விழாவில், நம் குழு போட்ட, துள்ளல் தாளமும் கத்தலுமான அந்த ஸ்கா பங்க் ஆல்பத்தை முழுவதும் வாசிக்கக் கேட்கிறார்கள். குறுந்தகடும் மறுபடி அச்சாகிறது. அதற்காக இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒன்பது பாட்டையும் கேட்டேன். என் கிடார் படு சுமார். டிரம்ஸ் தறிகெட்டு ஓடுகிறது. வாசித்தவளையே கட்டிக்கொண்டதால் இதற்கு மேல் எழுத மாட்டேன். உன் டிரம்பெட்தான் எங்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

நாலாவது பாட்டில், யார் வந்தாலும் கதவு திறக்கும் என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். கேட்க வெட்கமாக இருந்தது. ஒலிப்பதிவு முடிந்த வாரம்தானே உன்னைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பினேன்? வாசிக்கும் முன் வட்டமாக நின்று ஆளுக்கொரு வரி ஜெபிப்போம். உன் முறை வந்தபோது, "எனக்கு இப்ப நம்பிக்கை இல்லடா, பொய்யா ஜெபிக்க மாட்டேன்" என்றாய். ஆல்பத்தின் அட்டையிலிருந்து உன் பெயரை எடுத்தவன் நான். மற்றவர்களைக் கேட்கக்கூட இல்லை. அன்று நான் ஜெபித்தது மனப்பாடமாக ஒப்பித்த வரி. என் நினைப்பெல்லாம் அட்டையில் என் படம் எப்படி வரும் என்பதில்தான் இருந்தது. அந்த வட்டத்தில் உண்மை பேசியவன் நீ ஒருவன்தான்.

புதிய அட்டையில் உன் பெயர் வருகிறது. போதகர் முகத்தைச் சுளித்து, அவர் விசுவாசியா என்று கேட்டார். டிரம்பெட் வாசித்தவர் என்றேன். பெயர் இல்லாவிட்டால் நானும் இல்லை என்றேன். ஒத்துக்கொண்டார். உனக்குப் பதில் கீபோர்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு என் மனைவி, "அப்படின்னா குச்சிய நீங்களே புடிங்க" என்று எழுந்துவிட்டாள்.

ஒத்திகை அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு, அதே ஞாயிறு பள்ளி அறையில். வட்டமாக நிற்போம். உன் முறையில் நீ எதுவும் சொல்ல வேண்டாம். என் முறையில், எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன்.

வா. வராவிட்டால் உன் மீது கோபமில்லை. ஆனால் விழாவில் நீ வாசிக்க வேண்டிய இடங்களிலெல்லாம் நாங்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு நிற்போம். ஏன் என்று கேட்பவர்களுக்கு நானே சொல்வேன்.

நீ எங்கிருந்தாலும் உன் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

உன்னை அனுப்பியவன்,
இப்போது அழைப்பவன்.