ரெண்டு மெஷினுக்கும் ஒரே கலர்

வியாழக்கிழமை. மழை விடல.

பெல்மதுளைக் கடையில ரெண்டு பேனர் மெஷின். ஒரே படம் ரெண்டுலயும் ரெண்டு கலரா வரும். அதச் சரிபண்ண எந்த சாப்ட்வேர் வாங்கலாம்னு இன்னைக்கு ஒண்ண ஓட்டிப் பாத்தேன். செத்துப்போன ஒரு தேயிலைத் தோட்டத்துப் பொம்பளப் பிள்ளையோட கண்ணீர் அஞ்சலி பேனரத்தான் போட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி வந்துச்சு. வழக்கமா எல்லாரும் கேக்குறாங்களேன்னு, யாரும் சொல்லாமலே முகத்த வெளுப்பாக்கியிருந்தேன். புத்தி கெட்டவன்.

பேனர வாங்க வந்த அவளோட அம்மா ரெண்டையும் பாத்தாங்க. "தம்பி, இது யாருங்க?"

கொழுந்து பறிச்சுக் கறுத்த கைய படத்துப் பக்கத்துல வச்சாங்க. "எம்புள்ள இந்தக் கலருங்க. இதப் பாத்துப் போடுங்க."

நான் மாத்தி முடிக்கிற வரைக்கும் கைய எடுக்கல.

ரெண்டு மெஷினுக்கும் ஒத்துவந்த அந்தக் கலர் செட்டிங்கச் சேமிக்க சாப்ட்வேர் ஒரு பேரு கேட்டுச்சு. பிள்ளையோட பேர அடிச்சேன்.

நாளைக்கு ஒரு கல்யாண பேனர். ரெண்டு மெஷினும் ஒத்துப்போக அந்தப் பேரத்தான் அமுக்கணும்.